எலி என்ன செய்தது? மூளை பெப்டைட் ஆய்வுகளைப் படிக்கும் முறை

"இந்தப் பெப்டைடை மூளைக்குள் செலுத்தியதும் எலிகளின் பதற்றம் குறைந்தது" என்று எங்காவது செய்தி வந்தால் அன்றைக்கே நாலு பேர் அதை எனக்கு அனுப்பிவிடுவார்கள். (பெப்டைட் என்பது மூளை அணுக்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் ஒரு சிறு புரதத் துண்டு.) யாரும் பொழுதுபோக்காக அனுப்புவதில்லை. வீட்டில் ஒருவர் தூங்க முடியாமல், சாப்பிடப் பிடிக்காமல், எழுந்து வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறார். எடுத்துக்கொள்ளும் மருந்து பாதிதான் கேட்கிறது. "இது நமக்கு எப்போது கிடைக்கும்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

விலங்கு நடத்தை ஆய்வகம் ஒன்றில் பல வருடங்கள் வேலை பார்த்தவள் நான். எலிகளைச் சோதனைக்குப் பழக்குவதும், வீடியோவைப் பார்த்துக் கணக்கெடுப்பதும், கடைசியில் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவதும் என் வேலையாக இருந்தன. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்: இந்த ஆய்வுகளைப் படிக்க அறிவியல் பட்டம் வேண்டாம். எதை முதலில் தேடுவது, எந்த இடத்தில் நிதானிப்பது என்று தெரிந்தால் போதும், செய்தியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

விலங்கு செய்த காரியத்தைத் தேடுங்கள்

கட்டுரையின் சுருக்கத்தில் நின்றுவிடாமல் நேரே செய்முறைப் பகுதிக்குப் போங்கள். அந்த விலங்கு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என்ன செய்தது என்று பாருங்கள். எலியிடம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க வழியில்லை. எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது, எவ்வளவு குடித்தது, இவ்வளவுதான் எண்ண முடியும். "பதற்றம் குறைந்தது" என்பது அந்த எண்களுக்கு ஆய்வாளர் தரும் விளக்கம். விளக்கம் சரியாகவும் இருக்கலாம், ஆனால் எண் முதலில் நம் கையில் இருக்க வேண்டும்.

பதற்றத்தை அளக்க அதிகம் பயன்படுவது, கூட்டல் குறி வடிவில் உயரமாக நிற்கும் ஒரு மேடை. எலிக்கான அளவில் அதன் ஒவ்வொரு கையும் சுமார் 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம். எதிரெதிரான இரண்டு கைகளுக்கு 40 செ.மீ. சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தே இருக்கும். எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் பார்ப்போம். புது இடத்தைச் சுற்றிப் பார்க்கவும் அதற்கு ஆசை, மறைவில்லாத உயரத்தில் மாட்டிக்கொள்ளவும் பயம். பதற்றத்தைத் தணிக்கும் மருந்தான டயசிபம் கொடுத்த எலி திறந்த கைகளில் கூடுதல் நேரம் இருக்கும். 1985-ல் எலிகளிடமும், 1987-ல் சுண்டெலிகளிடமும் இந்தச் சோதனையைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். இன்றுவரை இது இல்லாத பதற்ற ஆய்வைப் பார்ப்பது அரிது.

நாங்கள் கணக்கெடுக்கும்போது நான்கு பாதமும் உள்ளே வந்தால்தான் "நுழைந்தது" என்று குறிப்போம். ஆனால் பல எலிகள் பின்னங்கால்களைச் சுவருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, உடம்பை நீட்டி, மூக்கை மட்டும் வெளியே விட்டு மோப்பம் பிடித்துவிட்டு அப்படியே பின்வாங்கும். சில எலிகள் திறந்த கையின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுக் கீழே பார்க்கும். ஆபத்தை எடைபோடும் இந்த அசைவுகளையும் எண்ணியிருக்கும் கட்டுரை எனக்கு எப்போதும் ஒரு படி மேல். வெறும் "திறந்த கையில் இருந்த நேரம்" மட்டும் இருந்தால், கூடவே மூடிய கைகளுக்குள் எத்தனை தடவை போனது என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எலி மொத்தத்தில் எவ்வளவு நடமாடியது என்பதை அந்த எண்தான் காட்டும். பிறகு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

இந்த மேடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு தடவை ஏறிய எலியை மறுபடி ஏற்றினால் டயசிபம்கூட எடுபடுவதில்லை. அதனால் அதே எலியை மருந்துக்கு முன் ஒரு தடவை, மருந்துக்குப் பின் ஒரு தடவை என்று இதே மேடையில் விட்டு ஒப்பிட்டிருந்தால் அந்த முடிவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மனச்சோர்வுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். போர்சோல்ட் என்ற ஆய்வாளர் 1977-ல் கொண்டுவந்த கட்டாய நீச்சல் சோதனைதான் மிகப் பிரபலம். வெளியேற முடியாத உருளைப் பாத்திரத்தில் தண்ணீர். எலியை முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5 நிமிடம் விடுவார்கள். நீந்தி, சுவரில் ஏறப் பார்த்து, ஒரு கட்டத்தில் மூக்கை மட்டும் மேலே வைத்து அசையாமல் மிதக்கும். மனச்சோர்வு மருந்து கொடுத்தால் அசையாத நேரம் குறைகிறது. இதை "நம்பிக்கை இழந்தது" என்று பல காலம் படித்தார்கள். வெளியேற வழியில்லை என்று தெரிந்த எலி தெம்பை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்டது என்று படிக்கவும் இடமிருக்கிறது. நிறைய பேர் இப்போது அப்படித்தான் படிக்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. அது மட்டுமில்லாமல், மனிதரிடம் வேலை செய்ய வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் மருந்து இந்தச் சோதனையில் ஒரே நாளுக்குள் வேலை செய்கிறது. உடம்பைச் சுறுசுறுப்பாக்கும் ஆம்பெட்டமைனும் அசையாத நேரத்தைக் குறைத்துவிடும்; அது மனச்சோர்வு மருந்தாகாது. ஆகவே "மனச்சோர்வைக் குணமாக்கியது" என்ற செய்திக்கு அடியில் நீச்சல் சோதனை மட்டுமே இருந்தால் அதை ஒரு ஆரம்பக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாலைப் பிடித்துத் தொங்கவிடும் சோதனையும் இதே ரகம்தான். அதில் சி57 வகைச் சுண்டெலிகள் தங்கள் வாலைப் பிடித்து மேலே ஏறிவிடும், கணக்கே கெட்டுப்போகும்.

எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தருவது, வாரக்கணக்கில் சிறுசிறு தொல்லைகள் கொடுத்த பிறகு எலி இனிப்பை எவ்வளவு நாடுகிறது என்று பார்க்கும் முறை. ஒரு குப்பியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் 1 அல்லது 2 சதவீதச் சர்க்கரைத் தண்ணீர். நல்ல நிலையில் இருக்கும் எலி இனிப்பைத்தான் அதிகம் குடிக்கும். நீண்ட தொல்லைக்குப் பிறகு அந்த வித்தியாசம் சுருங்கும், மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தால்தான் திரும்பும். எதிலும் இன்பம் தோன்றாத அந்த நிலைக்கு இது ஓரளவு பக்கத்தில் வருகிறது. குப்பிகளை இடம் மாற்றி மாற்றி வைத்தார்களா என்று மட்டும் பாருங்கள். சில எலிகளுக்கு இனிப்பைவிட வலப்பக்கம்தான் பிடிக்கும்!

பெப்டைட் எந்த வழியாகப் போனது

பெப்டைட் என்றால் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. ஆக்ஸிடோசினுக்கு 9, சப்ஸ்டன்ஸ் பி-க்கு 11, நியூரோபெப்டைட் ஒய்-க்கு 36, சி.ஆர்.எஃப் என்னும் அழுத்தப் பெப்டைடுக்கு 41. குளுட்டமேட் போன்ற சாதாரணக் கடத்திகள் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பக்கத்து நரம்பணுவுக்குச் செய்தி சொல்லி முடித்துவிடும். பெப்டைடுகள் பெரும்பாலும் நரம்பணு வேகமாகத் துடிக்கும்போதுதான் வெளியே வரும். மெதுவாக, தள்ளியிருக்கும் அணுக்களையும் தொட்டு, நிமிடக் கணக்கில் வேலை செய்யும். அதனால்தான் ஒரு முழு மனநிலையே மாறும் நேரங்களில் இவற்றின் பங்கு என்ன என்று இத்தனை பேர் தேடுகிறார்கள்.

ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக இவற்றுக்கு லேசில் வழி கிடையாது. ரத்த மூளைத் தடுப்பு நிறுத்திவிடும். அதற்கு முன்பே நொதிகள் சங்கிலியை வெட்டிவிடும். ஆகவே "பெப்டைட் கொடுத்தோம்" என்று படித்தவுடன் எந்த வழியாக என்று பாருங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் மண்டையோட்டில் துளையிட்டு, நுண்ணிய உலோகக் குழாயை நிரந்தரமாகப் பொருத்தி, அதன் வழியாக மூளை அறைக்குள்ளோ ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள்ளோ செலுத்துவார்கள். அளவு நானோகிராம், மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். இந்த முடிவை எடுத்துக்கொண்டு மாத்திரையையோ மூக்கில் அடிக்கும் மருந்தையோ பேசுவது வேறு விஷயம். மூக்கு வழியாகப் போவதில் மிகச் சிறு பங்குதான் மூளையைச் சேரும்.

குழாய் சரியான இடத்தில்தான் இருந்ததா என்பதைச் சோதனை முடிந்தபின் மூளையை வெட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். என் கையால் செய்த வேலை என்பதால் இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பயத்தைக் கையாளும் அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் நடுக்கரு எலியில் மிகச் சிறியது; ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் மருந்து வேறு பகுதிக்குப் போய்விடும். "குழாய் இடம் தவறிய விலங்குகளைக் கணக்கிலிருந்து நீக்கினோம்" என்ற வரியும், மருந்து போன இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டும் படமும் இருந்தால் நல்ல அறிகுறி. தவறிய இடத்தில் விழுந்தபோது விளைவு ஏதும் இல்லை என்றும் காட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அறுவை, அதே குழாய், மருந்துக்குப் பதில் மூளைநீர் போன்ற உப்புக்கரைசல் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரே பெப்டைட், எதிரெதிர் விளைவுகள்: சி.ஆர்.எஃப்

இந்தத் துறையில் ஒரே ஒரு பெப்டைடின் கதையை ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சி.ஆர்.எஃப்-ஐ எடுங்கள். 1981-ல் வைலி வேல் குழு சால்க் ஆய்வு நிறுவனத்தில் இதைப் பிரித்தெடுத்தது. அதற்கு ஏறக்குறைய 4,90,000 ஆடுகளின் ஹைபோதலாமஸ் என்னும் மூளைப் பகுதித் துண்டுகள் தேவைப்பட்டன. உடம்பில் அழுத்த ஹார்மோன்களைக் கிளப்பிவிடும் முதல் கண்ணி இதுதான்.

அடுத்த வருடமே இதை எலியின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பழகிய கூண்டில் இருந்த எலி இன்னும் சுறுசுறுப்பாக நடமாடியது. புதிய திறந்தவெளிக்குள் விடப்பட்ட எலியோ நடமாட்டத்தைக் குறைத்து ஒடுங்கியது. மருந்தும் அளவும் ஒன்றாக இருந்தும், இடம் மாறியபோது விளைவு தலைகீழாகிவிட்டது. பிட்யூட்டரி சுரப்பியை நீக்கிய எலிகளிடமும் அந்தச் சுறுசுறுப்பு வந்தது. ஆகவே ஹார்மோன் வழியாகச் சுற்றி வராமல் மூளையிலேயே நேரடியாக வேலை நடக்கிறது என்று தெரிந்தது.

பெப்டைட் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கும், அணுவின் மேலுள்ள இடத்துக்கு ஏற்பி என்று பெயர். 1998-ல் சி.ஆர்.எஃப்-இன் முதல் வகை ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை திறந்த இடத்துக்குத் தயங்காமல் போயின. அப்படியானால் சி.ஆர்.எஃப்-ஐயே நீக்கினாலும் இதுதானே நடக்க வேண்டும்? 1999-ல் அதையும் பார்த்தார்கள். பெப்டைட் இல்லாத சுண்டெலிகள் அழுத்தத்தின்போது சாதாரணச் சுண்டெலிகள் மாதிரியேதான் நடந்துகொண்டன. ஏற்பியைத் தடுத்தால் அவற்றிடமும் விளைவு மாறியது. அதே ஏற்பியில் வந்து உட்காரக்கூடிய இன்னொரு பெப்டைட், 1995-ல் கண்டுபிடிக்கப்பட்ட யூரோகார்ட்டின், அங்கே இருந்தது. அதனால் "ஏற்பியைத் தடுத்தோம், பதற்றம் குறைந்தது, எனவே இந்தப் பெப்டைட்தான் காரணம்" என்று ஒரு கட்டுரை மூன்றே எட்டில் முடித்துவிட்டால், இடையில் வேறு பெப்டைட் இருக்க இடமுண்டா என்று கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2011-ல் வந்தது. அந்த முதல் வகை ஏற்பியைக் குளுட்டமேட் நரம்பணுக்களில் மட்டும் நீக்கினால் சுண்டெலியின் பதற்றம் குறைந்தது. விருப்பத்தோடு தொடர்புடைய டோபமின் என்னும் கடத்தியை வெளியிடும் நரம்பணுக்களில் மட்டும் நீக்கினால் கூடியது. மூளை முழுக்க ஒரே மருந்தைப் பரப்பும்போது இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதத்தான் செய்யும். 2012-ல் இன்னொரு குழு, நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸ் என்னும் பகுதியில் சி.ஆர்.எஃப் டோபமினைக் கூட்டி, சுண்டெலி அந்த இடத்தை விரும்பி வரும்படி செய்கிறது என்று காட்டியது. அழுத்தப் பெப்டைட் என்று பெயர் வாங்கிய அதே சி.ஆர்.எஃப்தான்! ஆனால் இரண்டு நாள் கடும் அழுத்தம் கொடுத்த பிறகு அந்த டோபமின் விளைவு மறைந்தது, விருப்பம் வெறுப்பானது, 90 நாள் கழித்துப் பார்த்தபோதும் டோபமின் திரும்பவில்லை.

மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம் "நல்லதை நினை, மாறிவிடும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். சுண்டெலி மனிதராகிவிடாது. ஆனால் கடும் அழுத்தம் கடந்து போன பிறகும் மூளையில் இவ்வளவு நாள் தங்கக்கூடும் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டியது சாதாரண விஷயம் இல்லை.

ஆகவே எந்தப் பெப்டைட் கட்டுரையைப் படித்தாலும் ஒரு தாளில் நான்கு சொல் எழுதுங்கள்: மூளையின் எந்தப் பகுதி, எந்த ஏற்பி, எந்த வகை நரம்பணு, அந்த விலங்குக்கு முன்பு நேர்ந்தது என்ன. நான்கில் இரண்டுக்குக் கட்டுரையில் பதில் இல்லையென்றால், "இந்தப் பெப்டைட் பதற்றத்தைக் கூட்டும்" என்பது போன்ற பொதுவான வாக்கியத்தைச் சொல்ல அந்த ஆய்வாளருக்கே இன்னும் உரிமை வரவில்லை.

வேறு காரணம் இருக்குமா

பெப்டைடுகள் ஒரே வேலையோடு நிற்பதில்லை. பசி, தாகம், தூக்கம், வலி, குடல் என்று எல்லா இடத்திலும் இருக்கும். நடத்தைச் சோதனையும் எலியின் பசி, தாகம், நடமாட்டம் இவற்றை நம்பித்தான் நடக்கிறது. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

நியூரோபெப்டைட் ஒய்-ஐப் பாருங்கள். 1982-ல் பன்றியின் மூளையிலிருந்து டடெமோட்டோ என்ற ஆய்வாளர் பிரித்தெடுத்தது. எலியின் மூளைக்குள் செலுத்தினால் மேடைச் சோதனையில் பதற்றம் குறைந்த மாதிரி நடக்கும், அமிக்டலாவிலும் அப்படியே. நல்ல, பலமுறை சரிபார்க்கப்பட்ட முடிவு. ஆனால் இதே பெப்டைட் பசியைத் தாறுமாறாகக் கிளப்பும். பட்டினி போட்ட எலி வெளிச்சமான புது இடத்தில் சாப்பாட்டை அணுக எவ்வளவு தயங்குகிறது என்று பார்க்கும் ஒரு சோதனை உண்டு. அதில் நியூரோபெப்டைட் ஒய் கொடுத்த எலி சீக்கிரம் போய்ச் சாப்பிட்டால், தைரியமா, பசியா? அதே எலி தன் சொந்தக் கூண்டில் எவ்வளவு சாப்பிட்டது என்ற எண் இல்லாமல் பதில் சொல்லவே முடியாது.

வாசோப்ரெசின் தண்ணீரை உடம்பில் பிடித்துவைக்கும் பெப்டைட். அது இல்லாமல் பிறக்கும் பிராட்டில்போரோ வகை எலிகள் ஓயாமல் தண்ணீர் குடிக்கும். அவற்றிடம் குப்பிச் சோதனை வைத்து இன்பத்தை அளப்பதானால் மிகக் கவனமான கணக்கு வேண்டும்.

2004-ல் அடையாளம் கண்ட நியூரோபெப்டைட் எஸ் விழிப்பையும் நடமாட்டத்தையும் கூட்டும், பதற்றத்தையும் குறைக்கும். அதிகம் ஓடும் எலி திறந்த கைக்கும் அதிகம் போகும். மூடிய கைக்குள் போன எண்ணிக்கை அங்கேதான் கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் ஓட்டம் கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். நடமாட்டம் கூடியதை வைத்து விளக்க முடியாத வேறொரு சோதனையிலும் பதற்றம் குறைந்திருந்தால் நம்பிக்கை கூடும். பளிங்குக் குண்டுகளை எலி எவ்வளவு புதைக்கிறது என்று பார்க்கும் சோதனையில் நடமாட்டம் கூடினால் புதைப்பதும் கூடத்தான் வேண்டும். குறைந்திருந்தால் அது பதற்றம் குறைந்ததற்கு நல்ல சாட்சி. நியூரோபெப்டைட் எஸ் கொடுத்த சுண்டெலிகள் குறைவாகத்தான் புதைத்தன.

அப்புறம் அளவு. பெப்டைடுகளில் கொஞ்சம் கொடுத்தால் ஒரு விளைவு, அதிகம் கொடுத்தால் விளைவே இல்லை அல்லது எதிர் விளைவு என்பது அடிக்கடி நடக்கும். ஒரே ஓர் அளவை மட்டும் சோதித்த கட்டுரை பாதிக் கதைதான் சொல்கிறது. குறைந்தது மூன்று அளவுகள் இருக்க வேண்டும்.

எண்களும், எலியைத் தூக்கிய கைகளும்

ஒரு குழுவில் எத்தனை விலங்குகள், யாருக்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி தற்செயலாகப் பிரித்தார்களா, கணக்கெடுத்தவருக்கு எந்த எலி மருந்து வாங்கியது என்று தெரியாமல் இருந்ததா. இந்த மூன்றையும் எழுதச் சொல்லி 2010-ல் அரைவ் என்ற வழிகாட்டுதல் வந்தது, 2020-ல் அதைப் புதுப்பித்தார்கள். எழுதாத கட்டுரை இன்றும் வருகிறது. கணக்கெடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், எந்த எலி என்று தெரிந்துவிட்டால் கண் ஒரு பக்கம் சாயும். நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எலி விளிம்பில் நிற்கும்போது நாலாவது பாதம் உள்ளே வந்ததா இல்லையா என்பது அரை நொடித் தீர்ப்பு.

இடத்தையும் கையையும் மறக்காதீர்கள். 1999-ல் மூன்று ஊர்களில் உள்ள ஆய்வகங்கள் ஒரே வகைச் சுண்டெலிகளை, ஒரே கருவிகளில், ஒரே நாளில், முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றுபோல வைத்துச் சோதித்தன. ஆனாலும் சில முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டன. கூட்டல் குறி மேடையும் அதில் அடக்கம். 2010-ல் இன்னொன்று தெரிந்தது: சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதற்குப் பதில் ஒரு குழாய்க்குள் ஏறவிட்டோ உள்ளங்கைகளைக் குவித்தோ எடுத்தால் அதன் பதற்றமே குறைகிறது. 2014-ல் ஆண் ஆய்வாளரின் வாசனையே எலிகளுக்கு அழுத்தம் தருகிறது என்று காட்டினார்கள். பெப்டைடால் வந்ததாகச் சொல்லும் வித்தியாசம் சிறியதாக இருந்தால், இவற்றில் ஏதோ ஒன்றும் அந்த அளவுக்குச் செய்திருக்கக்கூடும். விலங்கை எப்படித் தூக்கினார்கள், வெளிச்சம் எவ்வளவு, இரவிலா பகலிலா என்று எழுதியிருப்பவரை நம்ப எனக்கு மனம் வரும். அந்த விலங்குகள் உயிரைக் கொடுத்திருக்கின்றன. இவ்வளவாவது எழுதிவைப்பது அவற்றுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

ஆண் எலிகள் மட்டுமா என்றும் பாருங்கள். பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வருகின்றன. ஆனால் நீண்ட காலம் இந்த ஆய்வுகள் ஆண் விலங்குகளிலேயே நடந்தன. விழிப்போடு தொடர்புடைய லோக்கஸ் செருலியஸ் என்னும் மூளைப் பகுதியில் பெண் எலியின் நரம்பணுக்கள் சி.ஆர்.எஃப்-ஆல் அதிகம் தூண்டப்படுகின்றன என்று 2010-ல் வெளிவந்தது. அழுத்தத்துக்குப் பிறகு ஆண் எலியில் அந்த ஏற்பி அணுவுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது, பெண் எலியில் அப்படி நடக்கவில்லை. ஆண்களை மட்டும் பார்த்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

மனிதரிடம் வந்தபோது

இப்போது அந்த முதல் கேள்வி. நமக்கு எப்போது?

சப்ஸ்டன்ஸ் பி-யின் கதையைச் சொல்கிறேன். 1931-ல் கண்டுபிடித்தது. 1971-ல் சூசன் லீமன் குழு அதன் 11 அமினோ அமிலங்களின் வரிசையைச் சொன்னது. தாயிடமிருந்து பிரித்த கினிப்பன்றிக் குட்டி கத்தும். சப்ஸ்டன்ஸ் பி-யின் ஏற்பியைத் தடுத்தால் அந்தக் கத்தல் குறைந்தது. ஏன் எலியை விட்டுவிட்டுக் கினிப்பன்றி? மனித ஏற்பியில் பொருந்தும் மருந்து எலியின் ஏற்பியில் சரியாக ஒட்டுவதில்லை, கினிப்பன்றியில் ஒட்டும். 1998-ல் மனிதரிடமும் வெற்றி: அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்து, மனச்சோர்வுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவந்த பராக்ஸெட்டினுக்குச் சமமாக வேலை செய்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பெரிய மூன்றாம் கட்டச் சோதனைகளில் போலி மருந்தைவிட, அதாவது ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்தில்லாத மாத்திரையைவிட, மேலாக எதுவும் இல்லை. 2006-ல் அந்த முடிவுகள் வெளியாயின.

அந்த மருந்துதான் அப்ரெபிடன்ட். 2003 முதல் புற்றுநோய் சிகிச்சையில் வாந்தியைத் தடுக்க உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எலிக்கு வாந்தி எடுக்கவே வராது என்பதால் ஃபெரெட் என்ற விலங்கில் சோதித்தார்கள். ஃபெரெட்டுக்கு வரும் வாந்தியும் மனிதருக்கு வரும் வாந்தியும் ஒன்றே. குட்டியின் கத்தலும் மனிதரின் மனச்சோர்வும் ஒன்றல்ல.

சி.ஆர்.எஃப்-இலும் இதேதான் நடந்தது. 2000-ல் போலி மருந்துக் குழு இல்லாத ஒரு சிறு ஆய்வில், அதன் ஏற்பியைத் தடுக்கும் மருந்தால் மனச்சோர்வு குறைந்த மாதிரி தெரிந்தது. 2008-ல் மனச்சோர்விலும், 2010-ல் பொதுப் பதற்ற நோயிலும் வேறு தடுப்பு மருந்துகளை முறையாகச் சோதித்தபோது பலன் இல்லை. அதே சோதனைகளில் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த வழக்கமான மருந்துகளான செர்ட்ராலினும் எஸ்சிடாலோபிராமும் போலி மருந்தை முந்தின. ஆகவே சோதனை சரியாக நடக்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் மனநோய்க்காக எடுத்த கிரினெசர்ஃபான்ட் என்ற சி.ஆர்.எஃப் தடுப்பு மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி மிகையாக வளரும் நோய்க்கு. ரத்தத்தில் ஹார்மோன் அளவு குறைகிறதா என்று அளந்து பார்க்கும் நோய் அது.

இதனால் பெப்டைட் ஆய்வே வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறவி நோயோடு வளரும் குழந்தையின் பெற்றோரைக் கேட்டால் தெரியும், வீணா இல்லையா என்று. மனச்சோர்விலும் எல்லோருக்கும் ஒரே மருந்து என்று தேடாமல், யாருக்கு சி.ஆர்.எஃப் உண்மையிலேயே மிகுந்திருக்கிறதோ அவர்களைப் பிரித்தெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று பலர் வாதாடுகிறார்கள். 2011-ஆம், 2012-ஆம் வருட ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு அந்த வாதம் புரியும்.

வீட்டில் மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவருக்காக நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் செய்ய வேண்டியது இது. பெப்டைடின் பெயரை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் தேடுங்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மனிதரிடம் சோதனை ஏதும் இல்லையென்றால் விலங்கு நிலையிலேயே நிற்கிறது என்று பொருள். இருந்தால் எத்தனையாம் கட்டம், போலி மருந்துக் குழு உண்டா, முடிந்துவிட்டதா, முடிவு வெளிவந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்து பல வருடமாகியும் முடிவு வராத சோதனைகளைப் பார்த்து நம்பிக்கை வைக்காதீர்கள். அந்தத் தாளை அடுத்த தடவை மனநல மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோய், "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். சில சோதனைகளில் இவரும் சேர முடியலாம். அதைச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

"ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டிச் சிறு குப்பிகளில் இணையத்தில் விற்கும் பெப்டைட் பொடிகளை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு சுத்தம் என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை, எலியின் மண்டைக்குள் குழாய் வைத்துக் கொடுத்த அளவை மனித அளவாக மாற்றும் கணக்கும் கிடையாது. இப்போது எடுக்கும் மருந்து பாதிதான் கேட்கிறது என்றாலும் அதை ஒரு செய்தியைப் பார்த்து நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கக் கேடு, மின்சாரம் தட்டியது போன்ற அதிர்வு வரலாம். விட்ட நோயும் திரும்பலாம். வாழவே வேண்டாம் என்று அவர் பேச ஆரம்பித்திருந்தால் கட்டுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.